பின்கண்ணாடியில் தெரிந்த ரோடு

என் அக்கா பஸ் கண்டக்டர். அவள் வீட்டுக்காரர், என் மாமா, அதே பஸ்ஸுக்கு டிரைவர். இருபது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனுஷன், வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மனசு விட்டுப்போய்விட்டது. இரண்டு மாதத்துக்குள் எழுந்து நடக்காவிட்டால் அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்கா கெஞ்சுகிற ரகம் இல்லை. கடைசி ஸ்டாப்பில் பஸ் நிற்கும் பத்து நிமிஷத்தில், அன்றைக்குக் கண்ணில் பட்டதில் ஒன்றைப் பென்சிலால் வரைவாள். வீட்டுக்கு வந்ததும் மாமாவின் மூக்குக்கு நேரே சுவரில் ஒட்டுவாள். அவர் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால், மறுநாள் படம் பீரோ கதவில் இருக்கும்.

படம் என்றா சொன்னேன்? ஆரம்பத்தில் நாய்க்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் தெரியாது. "இதெல்லாம் உனக்குத் தேவையாக்கா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காய்ச்சலோடு வேலைக்குப் போன நாளில்கூட ஒன்று வந்தது. போகப்போக அடுத்த படத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. ஒரு படத்தில், பக்கத்து சீட்டுப் பெரியவர் தோளில் சாய்ந்து தூங்கும் ஒரு பெண். அவளை எழுப்ப மனசில்லாமல் தன் ஸ்டாப்பைத் தாண்டிப் போகும் அவர். அதே பஸ்ஸில் நானும்தான் தினம் போகிறேன், ஒன்றையும் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

டாக்டர் சொன்ன கெடுவில் ஒரு வாரம்தான் மிச்சம். வளைவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும், அதன் நிழலில் சைக்கிள் துடைக்கிற ஒருவனையும் அக்கா வரைந்து ஒட்டியிருந்தாள். மறுநாள் காலை அவளும் நானும் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"தொட்டி இடது பக்கம்ல இருக்கு? வலது பக்கம் போட்டிருக்க."

"வலது பக்கம்தான். தினம் பாக்கறேன்."

"இருபது வருஷம் ஓட்டினவன் நான். எனக்கே ரூட்டு சொல்லித் தர்றியா?"

"படுத்துக்கிட்டு என்ன வேணா பேசலாம். வந்து காட்டுங்க."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அக்காவின் சீட் பஸ்ஸின் கடைசியில். பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்ப்பவளுக்கு, டிரைவரின் இடது வலதாகத்தான் தெரியும். இரண்டு பேர் சொல்வதும் சரி. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் காலை நச்சென்று மிதித்தாள்.

மாமா கட்டில் சட்டத்தைப் பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நான் அழுதுவிட்டேன். அக்கா அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் சட்டையை எடுத்து நீட்டினாள்.

"சீக்கிரம் மாட்டுங்க. உங்களுக்காகல்லாம் பஸ் நிக்காது."