கனடா போகாத பேய்

ஜெர்மனியில், ஹம்மிலிருந்து எசனுக்கு ரயிலில் போய் நான் சினிமா பற்றிப் படித்துக்கொண்டிருந்த காலம். என் ஆய்வு சீனமொழிப் பேய்ப்படங்களைப் பற்றியது. "மகள் என்ன படிக்கிறா?" என்று யாராவது கேட்டால், அம்மா கூசாமல் "பேய் படிக்கிறாள்" என்பார். ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் டாக்டருக்குப் படிக்க, தன் பிள்ளைக்கு மட்டும் புத்தி இப்படிப் போய்விட்டதே என்ற கவலை அவருக்கு. ஆனாலும் ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும், "இண்டைக்கு என்ன பேய்?" என்று சோபாவில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒருவர் இறந்தால், உயிர் வெளியே போகட்டும் என்று யன்னலைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், படத்தில் பேய் தலைகாட்டினாலே, "யன்னலைத் திறந்துவிடுங்கோவன்! அது போக வழியில்லாமல் நிக்குது" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். கடைசியில் பேயே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று முடிகிற படங்கள் அவருக்கு அறவே ஆகாது.

"சீனாவில உண்மையான பேயைக் காட்ட அரசாங்கம் விடாது அம்மா."

"பேய்க்கும் பயந்த அரசாங்கமோ?"

அம்மா ஒரு வரியில் சொன்ன இதைத்தான் நான் ஆய்வில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

அந்த நாட்களில் எனக்கு மியூனிக்கில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் போனால் அம்மா தனி. சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு, பேய்க்குத் தடையில்லாத ஹாங்காங்கின் படம் ஒன்று பார்த்தோம். அடுக்குமாடி வீட்டில் தனியாக இறந்துபோன கிழவி, புதிதாகக் குடிவந்தவர்களின் மேசையில் தினமும் ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கிறாள். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட ஊரின் பயம்தான் இந்தப் பேய் என்று பெரிய பேராசிரியை மாதிரி விளக்கினேன்.

"கிழவியின்ர மகன் எங்க?"

"கனடாவில."

"அப்ப இந்தச் சனத்தை ஏன் வெருட்டுது? கனடாவுக்கெல்லோ போகோணும்."

"பேய்க்கு ஆர் அம்மா விசா குடுக்கிறது?"

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த நேரத்தை விட்டால் இனிச் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. படத்தை நிறுத்திவிட்டு, மியூனிக் வேலையைச் சொல்லிவிட்டேன்.

"நல்ல வேலையோ?"

"ஓம் அம்மா."

"சந்தோசம்."

திரையில் அசையாமல் நின்ற கிழவியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பேய்க்குப் பயமில்லை, பிள்ளை. எங்கட இல்லத்தில இருக்கிற சனத்துக்கும் பிள்ளையள் இருக்கினம். கிறிஸ்மஸுக்கு வருவினம், பூவோட. நீயும் அப்பிடி வாற பிள்ளையாப் போயிடுவியோ எண்டுதான் பயமாக் கிடக்கு."

அழுதுவிடுவேன் போலிருந்தது. வேலையே வேண்டாம் என்றுகூட நினைத்தேன். அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்து, "மாசா மாசம் வருவன் அம்மா" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினார்.

"முதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. சரி, படத்தைப் போடு."