இசக்கி அண்ணாச்சியும் மூடிக்கிடக்கும் முகத்துவாரமும்

இசக்கி அண்ணாச்சி போயிட்டார். இன்று காலை, தென்காசிப் பக்கம் இலஞ்சியில், அவர் வீட்டிலேயே... மதினிதான் போனில் சொன்னார்கள்.

நான் சென்னையில், அவர் பார்த்த அதே வேலையில், அதே முகத்துவாரத்தில் நிற்கிறேன். அலை மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிட்டது. கடல் உள்ளே வர வழியில்லை. காயல் முழுக்கக் கறுப்புச் சாக்கடை. மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன.

லீவு கேட்டேன். "மணல அள்ள ஜேசிபி வர்ற நேரத்துல நீயும் போயிட்டா யாரும்மா பாக்குறது?" என்றார் ஆபீஸர்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணாச்சி கேட்டார். "நீ தென்காசியா? அப்ப ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கோ. நம்மூரு மழைய நம்பாத."

அவர் பட்ட பாடு அது. புதிதில் ஒரு ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் கொட்டுகிறது என்று வீட்டிலிருந்து போன். இங்கேயும் மழை வரும், ஆறே மணலை உடைத்துக்கொள்ளும் என்று ஜேசிபியை வேண்டாம் என்றுவிட்டார். சென்னைக்கு ஐப்பசியில்தானே மழை! தென்காசிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

காயல் பூராவும் செத்த மீன். வலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்களாம். "நாலு ஏச்சு ஏசிருக்கலாம்லா..." என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் ஒரு குற்றால சீசனுக்கும் மனுஷன் ஊருக்குப் போகவில்லை. மதினி போனில் சண்டை போடுவார்கள். "ரிட்டயர் ஆயிட்டு வந்து அருவியிலயே கெடக்கேன், போதுமா?" என்பார்.

ரிட்டயர் ஆகி ஊருக்குப் போனபின் இதுதான் அவருக்கு முதல் சீசன். போன வாரம் கூப்பிட்டார். பின்னால் ஒரே இரைச்சல்.

"ஏட்டி, மெயின் அருவி முன்னாலதான் நிக்கேன். வெள்ளமாம், கயித்தக் கட்டிட்டு குளிக்க விடமாட்டேங்கானுவ." சிரித்தார். "அங்கன தொறந்தாச்சா?"

"இல்ல அண்ணாச்சி."

"இங்கன இம்புட்டுத் தண்ணி வீணா போகுதே..."

எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இப்போது மதினி வீடியோ காலில் வந்தார்கள். தார்ப்பாய்மேல் சாரல் விழும் சத்தம். அண்ணாச்சியைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தவர்கள் குடங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"குத்தாலத்துத் தண்ணிதாம்மா. அருவியில இருந்தே எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்."

நல்லாக் குளிங்க அண்ணாச்சி.

இங்கன இன்னும் தொறக்கல.