சாமை வைக்கோலில் ஓர் ஏசு

ஏசு வேஷம் கட்டிய ஆள் எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்ததை நான் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முள்முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை இருமுவார். கீழ்நாட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஜவ்வாது மலையில் சினிமாவா, அதிலும் ஏசு படமா என்று என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். எடுத்தார்கள். அதுவும் ஒரே படமாக இல்லை, மூன்று பாகம். பிறந்தது ஒன்று, அற்புதங்கள் ஒன்று, இறந்தது ஒன்று. இறப்பதற்குத்தான் எங்கள் ஊர்ப் பாறை அவர்களுக்குத் தோதாக இருந்ததாம்.

எழுபதுகளின் கடைசி. நான் நாலாம் வகுப்பு. தை மாதம், சாமை அறுத்து அடித்து முடித்திருந்தார்கள். புதூர்நாட்டுப் பக்கமிருந்து இரண்டு ஜீப்பும் ஒரு லாரியும் முக்கி முனகிக்கொண்டு ஏறி வந்தன. லாரியில் ஆறு கழுதைகள், ஒரு சிலுவை, பெட்டி பெட்டியாகத் தாடி. தாடிகளை எடுத்துக் கொடியில் காயப்போட்டதைப் பார்த்து எங்கள் வீட்டு நாய் இரண்டு நாள் தொண்டை கட்டும்வரை குரைத்தது.

ஊர் சனம் எல்லாரும் நடிக்கலாம் என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு வேஷம்கூடத் தேவைப்படவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்டை ஓட்டி வந்த பெரியவர்களைப் பார்த்ததும் டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பெண்களின் மூக்குத்திதான் தகராறு. கழற்ற மாட்டோம் என்று ஒரே பிடி. கடைசியில் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டார்கள். பாறை ஓரத்தில் எங்கள் பலாமரம் நின்றது. அந்தத் தேசத்தில் பலாமரம் கிடையாதாம். அதற்குச் சாக்கைச் சுற்றி, சுண்ணாம்பும் சாம்பலும் பூசிப் பாறையாக்கினார்கள். என் அப்பா தினமும் சாயங்காலம் போய்ச் சாக்கை விலக்கி, பிஞ்சுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார். ஏசு பாடுபடுவது பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அக்கா. அடுத்த வீடு. பிள்ளை இல்லை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது மாமா குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனார். கூடப் போன நாலு பேரும் திரும்பிவிட்டார்கள். அவர் வேறு தோட்டத்துக்குப் போனார் என்றார்கள், அவ்வளவுதான். ஆறு வருஷமாக ஆளும் இல்லை, சேதியும் இல்லை. அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய களிதான். அத்தை தினமும் கேழ்வரகுக் களியில் இரண்டு உருண்டை பிடிப்பாள். ஒன்று அவளுக்கு. இன்னொன்று மாமா வந்தால் பசியோடு படுக்கக் கூடாதே என்று சட்டியில் மூடி வைப்பது. விடிந்தும் அவர் வராவிட்டால் அது மோரில் கரைந்து எனக்கு வரும். ஆகவே மாமா சீக்கிரம் வர வேண்டும் என்று நான் எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொண்டதில்லை.

மாமாவின் கயிற்றுக் கட்டில் சுவரோரம் சாய்ந்தே இருக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது. அத்தை அழவும் கூடாது. அது ஊர்க் கட்டுப்பாடு. சேதி வராத ஆளுக்காக அழுதால் அவன் இருக்கிற இடத்தில் அவன் ஆயுசு தேயும் என்பார்கள். ஒருமுறை மாட்டுக் கொட்டகையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பியது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாம்மா, உசுரோட கீறவன அழுதே சாவடிக்கப் போறியா?"

அதற்குப் பிறகு, சினிமாக்காரர்கள் வரும்வரை, அத்தை அழுது நான் பார்த்ததில்லை. சிரித்தும் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் சிலுவைக் காட்சி. பாறை உச்சியில் சிலுவையை நட்டு அந்த ஆளை ஏற்றிவிட்டார்கள். கீழே எங்கள் ஊர்ப் பெண்கள் முப்பது பேர். ஒப்பாரி வைத்து அழ வேண்டும் என்றார் டைரக்டர். யாரும் வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையை ஆட்டினார், கத்தினார், தானே மார்பில் அடித்துக்கொண்டு அழுது காட்டினார். பெண்கள் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்:

"இப்பத்தான் பீடி குடிச்சிட்டு ஏறினாருங்க. உசுரோட கீறவர எப்டிங்க அழுவறது? அவரப் பெத்தவ இன்னா பாவம் பண்ணா?"

சினிமாக் கம்பெனி மானேஜர் ஊர்க்கவுண்டரிடம் ஓடினார். அவர் அசையவில்லை. உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் அது அவன் குடும்பத்துக்கு ஆகாது, ஊருக்கும் ஆகாது என்றுவிட்டார். சிலுவையில் இருந்தவர் மேலேயிருந்தே கை வலிக்கிறது என்று சத்தம் போட்டார். அப்போதுதான், ஆண்கள் கூடிய இடத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத என் அத்தை முன்னால் வந்தாள்.

"ஆள எறக்கிட்டு வைக்கோல்ல ஒரு பொம்ம கட்டி ஏத்துங்க. அதுக்கு அழுவறோம்."

ஊர்க்கவுண்டர் அவளைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பொம்மைக்கு அழக்கூடாது என்று எந்தக் கட்டுப்பாட்டிலும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சினிமாதான? செஞ்சிக்கட்டும்" என்று போய்விட்டார்.

பொம்மையை அத்தையே கட்டினாள். எங்கள் களத்திலும் வைக்கோல் இருந்தது. அவள் தன் போரிலிருந்துதான் சாமை வைக்கோல் எடுத்தாள். ஆறு வருஷம் சுவரில் சாய்ந்திருந்த கட்டிலை இறக்கிப் போட்டு, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை நாரால் இறுக்கிக் கட்டினாள். மானேஜர் வந்து பார்த்துவிட்டு, நடிகர் நல்ல உயரம், இன்னும் ஒரு முழம் நீட்ட வேண்டும் என்றார்.

"இவ்ளோதாங்க" என்றாள் அத்தை.

"கேமராவுல தெரிஞ்சிடும்மா."

"தெரிஞ்சா தெரியட்டுங்க."

பொம்மை சிலுவையில் ஏறியது. டைரக்டர் கையைக் காட்டினார். அத்தை அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தரையை அறைந்து எடுத்தாள் பாருங்கள் ஒரு குரல். எதிர்ப் பாறையில் மோதித் திரும்பி வந்தது. "மலையெறங்கிப் போன ராசா, காப்பித் தோட்டத்துக் குளிருல கம்பளியில்லாம கெடந்தியா" என்று அழுதாள். மற்ற பெண்கள் அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். என் அம்மாவும் கட்டிக்கொண்டாள். டைரக்டர் "கட்" என்று மூன்று தரம் சொன்ன பிறகும் ஒருத்தியும் நிறுத்தவில்லை. கேமராவைப் பிடித்தவர் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த மாதிரி நடிப்பைத் தான் பட்டணத்திலும் பார்த்ததில்லை என்றார் டைரக்டர். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் அத்தை, என் அத்தை என்று கூட்டத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஒரே ஒரு குறைதான். ஏசு எப்போது காப்பித் தோட்டத்துக்குப் போனார்? அத்தை கதையை மாற்றிவிட்டாளே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அன்றே பொம்மையை இறக்கி, வெள்ளைத் துணி சுற்றி, பாறைக் குகையில் வைத்து, எட்டுப் பேர் சேர்ந்து ஒரு குண்டுக்கல்லை உருட்டி வாயை அடைத்தார்கள். எங்கள் மலையில் எடுத்தது அதுவரைதான். மிச்சக் கதையைப் பட்டணத்தில் எடுத்துக்கொள்வார்களாம். மறுநாள் கழுதைகளும் தாடிகளும் கீழே இறங்கிவிட்டன. கல்லைத் திரும்ப உருட்ட யாருக்கும் தெம்பில்லை. பொம்மை உள்ளேயே இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் களிக்குப் போனேன். சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அத்தை செம்பில் பால் எடுத்துக்கொண்டு குகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். பின்னாலேயே ஓடினேன். கல்லின் அடியில் பாலை ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"களி எங்க அத்தே?"

"இனிமே உங்கம்மா கிட்ட வாங்கித் தின்னு" என்றாள். ஆனால் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

சினிமாக்காரர்கள் வந்து என் களியைக் கெடுத்துவிட்டார்கள் என்று நான் பல நாள் கறுவிக்கொண்டிருந்தேன். அத்தையோ வேறு ஆளாகிவிட்டாள். கட்டிலை முற்றத்தில் போட்டு அதில் மொச்சை காயவைத்தாள். நான் ஏறிக் குதித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. நோன்பு நாளில் என் அம்மா ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்தாள். வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. காணாமல்போன ஆளுக்குப் பன்னிரண்டு வருஷம் பார்க்க வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் வைக்கோலில் உருவம் கட்டி, அழுது, அடக்கம் செய்து, மூன்றாம் நாள் பால் ஊற்றலாமாம். அத்தை பாதி வழியிலேயே அதை முடித்துக்கொண்டிருக்கிறாள். அன்று பாறையில் அவள் தோளைக் கட்டிக்கொண்ட ஒவ்வொருத்திக்கும் அது தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு ஜீப் படத்தோடு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வெள்ளைத் திரை கட்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூன்றாம் பாகத்தை ஓட்டினார்கள். மலையே திரண்டு வந்திருந்தது. முதல் அரை மணி ஏசுவை யாரும் பார்க்கவில்லை. தத்தம் ஆட்டையும் மாமனையும் மச்சானையும் தேடினார்கள். ஆடு கிடைத்தபோது விசில் பறந்தது. "அதோ பாரு, அது பாற இல்ல, எங்க பலாமரம்" என்று அப்பா பக்கத்தில் இருந்தவர்களின் கையை எல்லாம் பிடித்து இழுத்துக் காட்டினார்.

சிலுவைக் காட்சி வந்தது. அத்தை திரையில் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. வயலின்தான் வந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தையைப் பார்த்தேன். அவள் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. கிட்டத்தில் காட்டினால் நெடிய நடிகர், எட்டத்தில் காட்டினால் குட்டைப் பொம்மை. பிள்ளைகள் எல்லாம் சிரித்தோம். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். குகைக்குள் கொண்டுபோய் வைத்துக் கல்லை உருட்டியதும் அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்து எழுந்தாள். "அவ்ளோதான். நான் வூட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவ்வளவுதான் என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் ரீல் மாற்றினார்கள்.

பட்டணத்தில் எடுத்த மிச்சக் கதை ஓடியது. இப்படி ஒரு முடிவு எங்கள் மலையில் யாருக்கும் தெரியாது. படம் முடியும்வரைகூட நான் பொறுக்கவில்லை. இதைப் பார்க்காமல் போய்விட்டாளே என்று எழுந்து ஓட்டமாய் ஓடினேன். அத்தை அடுப்படியில் தனக்கு மட்டும் ஒரு உருண்டை களி பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, நல்ல கட்டத்த வுட்டுட்டியே! மூணாம் நாளு உன்ன மாதிரியே செம்பு எடுத்துக்கினு பொம்பளைங்க போறாங்க. கல்லு நவுந்து கெடக்குது!"

அவள் கை நின்றது.

"உள்ள?"

"உள்ள ஆளே இல்ல. துணி மட்டுந்தான் கெடக்குது. அவரு சாவவே இல்ல அத்தே, எழுந்து வந்துட்டாரு. எல்லாரும் அழுதுட்டு ஒக்காந்துனு இருக்காங்க, நேரா வூட்டுக்குள்ள வந்து, சாப்புட இன்னா இருக்குதுன்னு கேக்கறாரு."

"குடுத்தாங்களா?"

"மீனு குடுத்தாங்க. தின்னாரு."

அத்தை வாசலுக்கு வந்து, மலையிறங்கும் பாதையைப் பார்த்தபடி நின்றாள். இன்னொரு தரம் சொல் என்றாள். சொன்னேன். ஆள் இல்லையா, நீ நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டாள். என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தியம் செய்தேன். நல்ல சேதியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்ட பெருமையோடு மீதிப் படத்துக்குத் திரும்பி ஓடினேன்.

அதற்குப் பிறகு அத்தை பதினெட்டு வருஷம் இருந்தாள். அந்தக் கட்டில் மறுபடியும் சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. பன்னிரண்டு வருஷம் முடிந்து ஊர்க்கவுண்டரே வந்து, இனி செய்யவேண்டியதைச் செய்துவிடலாமே என்று கேட்டபோது, வேண்டாம் என்றுவிட்டாளாம்.

நான் சத்தியம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலை பழக்கதோஷத்தில் அத்தை வீட்டுக்குள் நுழைந்தேன். சட்டி மூடியிருந்தது. திறந்தால் ஒரு உருண்டை களி. இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்ததல்லவா, மோர் ஊற்றிக் கரைத்து, சட்டியை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.