சின்னம்மாவின் முகம் பேப்பரில் வந்த கிழமை

எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டு, ஏதேதோ நாடுகளில் மாதக்கணக்கில் மறிபட்டு, இளைத்துக் கறுத்து வந்து சேர்ந்தவர்கள்தான். அப்பா அப்படித்தான் வந்தார். மாமாவும் அப்படித்தான். முறையான விசாவோடும் திரும்பிப் போகிற டிக்கெட்டோடும் ஒஸ்லோவில் வந்து இறங்கிய முதல் ஆள் என் சின்னம்மா. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவரை அழைத்தது நாங்கள்கூட இல்லை, கடைகளில் வேலை செய்யும் நோர்வேஜியர்களின் தொழிற்சங்கம். தொலைபேசியில் செய்தி வந்தபோது அப்பா நம்பவில்லை. வேறு யாரையோ கூப்பிட நினைத்துப் பெயர் மாறி இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. போரில் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் இருந்தார். அதற்குப் பக்கத்து ஏற்றுமதி வலயத்தில், வெளிநாடுகளுக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் கதைக்கப்படுகிற விஷயமாக இருந்தது. வெளியில் யாரும் விசாரித்தால், கொழும்புப் பக்கம் ஒரு கொம்பனியில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அம்மா பேச்சை மாற்றுவார். பிள்ளைகளை டொக்டர், எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு நடுவில் தையல் ஃபக்டறி என்ற சொல் அவருக்கு வாயில் வராது. அந்தத் தொழிற்சாலையில் சங்கம் தொடங்கிய பெண்களில் சின்னம்மாவும் ஒருவர் என்பதும், நிர்வாகம் அந்தச் சங்கத்தை ஏற்க மறுக்கிறது என்பதும் அவர் வந்து இறங்கிய பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் புது வீடு வாங்கியிருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணா, திட்டத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். வந்தவள் திரும்பிப் போகக்கூடாது. அகதி வழக்குக்கு ஒரு வழக்கறிஞர். வழக்கு இழுபட்டால், கலியாணம் கட்டி இங்கேயே இருக்க, துரொண்ட்ஹெய்மில் ஒரு மாப்பிள்ளை. என் பங்குக்கு நானும் அலுமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன். ஒரு கிழமை, ஏழு நாளுக்கு வந்தவளுக்கு ஏன் இவ்வளவு இடம் என்று சின்னம்மா கேட்டபோது எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

மறுநாள் அவரை ஸ்ட்ரோம்மனில் இருக்கும் பெரிய கடைத்தொகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். துணிக்கடை ஒன்றில் நுழைந்ததும் சின்னம்மா சிறுவர் சட்டை ஒன்றை எடுத்து உட்புறத்தை வெளியே திருப்பினார். தையலை விரலால் நீவினார். கொலரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அவருடைய முகம் அப்படியே மலர்ந்தது.

"அக்கா, இது எங்கடை ஃபக்டறிச் சட்டை. கொலர் எங்கடை லைன்தான்."

அம்மா தெரிந்தவர்கள் யாரும் நிற்கிறார்களோ என்று அவசரமாகச் சுற்றிப் பார்த்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. கடையில் நின்ற பெண்ணிடம் ஓடிப்போய், இந்தச் சட்டையை என் சின்னம்மாதான் தைத்தவர் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். சட்டையில் ஏதோ பிழை, மாற்ற வந்திருக்கிறோம் என்று அவள் நினைத்துவிட்டாள். ரசீது இருக்கிறதா என்று கேட்டாள்.

சின்னம்மாவைப் பேச அழைத்திருந்த கூட்டம் நகரத்தின் நடுவில் நோர்வேஜியத் தொழிற்சங்கத்தின் மண்டபத்தில் நடந்தது. அம்மா தன் நீலச் சேலையையும் கல்லுத் தோட்டையும் தங்கைக்குக் கொடுத்திருந்தார். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர். மிகவும் மரியாதையானவர். அந்த மரியாதைதான் கரைச்சலாகிப் போனது. தொழிற்சாலையில் கக்கூசுக்குப் போவதென்றாலும் சுப்பவைசரிடம் ஓர் அட்டை வாங்கவேண்டும், ஒரு லைனில் வரிசையாக இருந்து தைக்கிற அவ்வளவு பேருக்கும் ஒரேயொரு அட்டைதான், அதனால் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள் என்று சின்னம்மா சொன்னார். மாணவர் சற்று யோசித்து, ஓய்வு எடுப்பதில் சில சிரமங்கள் இருக்கின்றன என்று மொழிபெயர்த்தார். முன்வரிசையில் இருந்த நான் எழுந்து நின்று, சின்னம்மா சொன்னது அது இல்லை என்று தொடங்கி, கக்கூசு, அட்டை, தண்ணீர் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி நோர்வேஜிய மொழியில் சொல்லி முடித்தேன். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

அந்த மாணவர் கோபிக்கவில்லை. "நீயே சொல்லிடும்மா. அவங்க பேசுறது உனக்குத்தான் சரியா புரியுது" என்று சொல்லி மைக்கை என் கையில் தந்துவிட்டார்.

கேள்வி நேரத்தில் வயதான ஒருவர் எழுந்தார். இந்த உடுப்புகளை நாங்கள் வாங்காமல் விட்டால் உங்களுக்கு உதவியாக இருக்குமா என்று கேட்டார். எங்கள் வகுப்பில் ஆசிரியை அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். ஆகவே சின்னம்மா ஓம் என்று சொல்வார் என்று நான் ஆயத்தமாக நின்றேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வாங்காமல் விட்டியளெண்டா ஃபக்டறியைப் பூட்டிப்போட்டு வேறை நாட்டுக்குப் போயிடுவினம். அந்தச் சம்பளத்திலைதான் நாங்கள் சாப்பிட்டனாங்கள், சகோதரங்களைப் படிப்பிச்சனாங்கள். எங்களுக்கு வேலை வேணும். வாங்குங்கோ. வாங்கேக்கை, இதைத் தைச்சவைக்குச் சங்கம் இருக்கோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ. நாங்கள் கேட்டா அவைக்குக் காது கேக்காது. நீங்கள் கேட்டாக் கேக்கும்."

நான் சொல்லி முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதில் சரிபாதி எனக்கு என்றுதான் நினைத்தேன்.

பிறகு பத்திரிகைப் படப்பிடிப்பாளர் வந்தார். ஊரில் ஆபத்து வரக்கூடும் என்பதால் முகம் தெரியாமல் பின்பக்கமாக எடுக்கலாம் என்று சங்கத்துப் பெண் சொன்னாள். நான் அதைச் சின்னம்மாவிடம் சொன்னேன்.

"வேண்டாம் பிள்ளை. முகத்தை வடிவாய் எடுக்கச் சொல்லு."

வடிவு என்றால் அழகு. தெளிவு என்றும் பொருள் வரும் என்பது எனக்கு அந்த நேரம் நினைவில் வரவில்லை. சின்னம்மா அழகாக வர விரும்புகிறார் என்று படப்பிடிப்பாளரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டு சின்னம்மாவை யன்னல் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

படம் பெரிதாக வந்தது. நீலச் சேலை, நிமிர்ந்த கழுத்து, கமராவை நேரே பார்க்கிற கண்கள். அப்பா பக்கத்துக் கடையில் இருந்த பேப்பர்களை எல்லாம் வாங்கி வந்தார். தமிழ்க் கடையில், வேலையிடத்தில், கோயில் வாசலில் என்று கண்டவர் எல்லோருக்கும் காட்டினார். இது என் மச்சாள், ஃபக்டறியில் தைக்கிறவள் என்று அந்தச் சொல்லை இப்போது அழுத்தியே சொன்னார். அம்மாவும் பக்கத்தில் நின்று பேச்சை மாற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு வேறு சந்தோஷம். அன்று பின்னேரமே பேப்பரோடு வந்தார். முகம் இப்படி வெளியில் வந்த பிறகு இவளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது, வழக்குக்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது என்றார். சின்னம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, தான் சொன்ன நாளிலேயே போகப்போவதாகச் சொன்னார். மாமா கத்தினார். அம்மா அழுதார். துரொண்ட்ஹெய்ம் மாப்பிள்ளையின் படம் மேசைக்கு வந்தது. சின்னம்மா அதை மரியாதையாகக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"அண்ணா, அங்கை ஃபக்டறிப் பிள்ளையள் என்னை நம்பித்தான் சங்கத்திலை சேந்ததுகள். நான் இஞ்சை நிண்டிட்டா, இவள் வெளிநாடு போறதுக்குத்தான் எங்களைச் சேத்தவள் எண்டுதான் நினைப்பினம். அதுக்குப் பிறகு அங்கை ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

அவர் திரும்பிப் போனதும் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தியது. ஆனால் அந்தப் படம் அதற்குள் இங்கே பல கடைகளின் ஊழியர் அறைகளில் ஒட்டப்பட்டிருந்தது. இந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று அந்த ஊழியர்கள் தங்கள் கொம்பனிகளைக் கேட்டார்கள். கொம்பனிகள் தொழிற்சாலையைக் கேட்டன. முகம் தெரிந்த ஒருத்தியைச் சத்தமில்லாமல் வெளியே தள்ள முடியவில்லை. சில மாதங்களில் அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். அடுத்த வருடம் நிர்வாகம் சங்கத்தோடு ஒரு மேசையில் உட்கார்ந்தது. கக்கூசு அட்டை இல்லாமல் போனது. இவையெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகப் பிறகு தெரியவந்தவை.

வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போன அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சின்னம்மா போகிறார் என்பது மட்டும்தான். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"பிடிச்சபடியாலைதான் பிள்ளை கெதியாய்ப் போறன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா என் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார்.

வரமாட்டேன் என்று சொன்ன மாமா வந்திருந்தார். சின்னம்மாவின் பெட்டியை வேறு யாரையும் தூக்கவிடவில்லை. பெட்டியை நிறுக்கிற இடத்தில் இருந்த பெண் உள்ளே பற்றரி, லைட்டர் ஏதும் இருக்கிறதா என்றுதான் கேட்டாள். மாமா தன் உடைந்த நோர்வேஜியத்தில், இவள் என் தங்கச்சி, தொழிற்சங்கத் தலைவி என்று பதில் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி இன்னொரு முறையும் சொன்னார்.

சின்னம்மா சோதனையைத் தாண்டி, திரும்பிக் கை காட்டி, ஆட்களுக்குள் மறைந்தார். அப்பாவும் அம்மாவும் காருக்கு நடக்கத் தொடங்கினார்கள். மாமா மட்டும் சோதனை நடக்கிற இடத்தின் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். நான் போய் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அசையவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் யாரோ சோதனைக்காகச் சப்பாத்துகளைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். சின்னம்மா உள்ளே போய்விட்டார், இனி இவர் அங்கே எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.