செலவில் முதலிடம்

ஆஸ்பத்திரிக்கு வரும் பெரிய மனிதர்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. ஊழியர்கள் வைத்த பெயர் தம்பட்டம். அது காதுக்கு எட்டியும் அவர் கோபப்படவில்லை, பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சும்மா சொல்லக்கூடாது, தம்பட்டமடிக்க அங்கே நிறையவே இருந்தது. நுழைந்ததும் மாடி உயரத்திலிருந்து கொட்டும் செயற்கை அருவி. முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பது போன்ற தரை. பிரசவ அறைகளில் சுவரை அடைத்து டிவி. பணக்கார நாடுகளிலேயே வைத்தியத்துக்கு அதிகம் செலவழிப்பது நாம்தான் என்று அவர் முடிக்கும்போது, தன் சட்டைப்பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தவர் மாதிரி நெஞ்சு நிமிரும். முதல் பிறந்தநாளைக் காணாமல் சாகும் குழந்தைகள் அதே நாடுகளில் இங்கேதான் அதிகம். அந்தப் பக்கத்தை நிர்வாகம் அவருக்கு மனப்பாடம் செய்யக் கொடுக்கவில்லை. விவரம் தெரிந்த விருந்தாளி யாராவது வாயைத் திறந்தால், அவர்கள் எண்ணும் முறை வேறு, நம் முறை வேறு என்று சொல்லி லிஃப்டைத் திறந்துவிடுவார்.

ஒரே மகள் கல்யாணமாகி வேறொரு நாட்டில் இருந்தாள். இங்கே ஆகும் வைத்தியச் செலவில் பாதிகூட அங்கே ஆவதில்லை. பிரசவம் அங்கேயே என்று அவள் சொன்னதும், மாப்பிள்ளை சரியான கஞ்சன் என்று பொருமிக்கொண்டே மனைவியுடன் கிளம்பிப் போனார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பெயின்ட் உரிந்த சுவர், கிரீச்சிடும் நாற்காலி. அருவி இருக்கவேண்டிய இடத்தில் ஈரக்குடை வைக்கும் தொட்டி. பேத்தி சுகமாகப் பிறந்தாள். தாயையும் பிள்ளையையும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பியபோது, துரத்திவிட்டார்கள் என்று முணுமுணுத்தார்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நனைந்த கோட்டோடு ஒரு நர்ஸ் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, பிள்ளை பெற்ற வீட்டுக்கெல்லாம் இப்படிப் போய்ப் பார்ப்பது அங்கே வழக்கமாம். ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்து அவர் கதவைப் பாதி சாத்தியிருந்தார்.

அவள் கைகழுவி வந்து, தூக்கம் வருகிறதா, பால் சுரக்கிறதா என்று மகளை விசாரித்தாள். பிறகு குழந்தையை ஜன்னலோரம் தூக்கிப்போய்க் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் ஏறியிருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றாள்.

"நல்லாத்தானே தூங்குது?" என்றார் தம்பட்டம்.

"அதுதான் பயமா இருக்கு ஐயா. பால் குடிக்கக்கூட முழிக்கலையே."

காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ் சில நாள் கிடந்து குழந்தை பிழைத்தது. தாமதித்திருந்தால் மூளையைத் தாக்கியிருக்கும் என்றார் டாக்டர். குடைத்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தம்பட்டம் அழுதார்.

"நம்ம ஊர்ல பொறந்திருந்தா நாம கவனிச்சிருப்போமாங்க?" என்று கேட்டாள் மனைவி.

டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்போம் என்று அவருக்குத் தோன்றியது.

ஊர் திரும்பியதும் நேரே ஆஸ்பத்திரி இயக்குநரிடம் போனார். வீடு வீடாகப் போய்ப் பார்க்க நாலு நர்ஸ் போதும், பெரிய செலவில்லை என்றார். செலவில்லை என்றதும் இயக்குநரின் முகம் சுருங்கியது. மலிவான வைத்தியத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் யோசனையை விடவில்லை. சில மாதங்களில் பளபளவென்று ஒரு வேன் வாசலில் வந்து நின்றது. குளிர்சாதனம், தோல் இருக்கை, பக்கவாட்டில் சிரிக்கும் குழந்தையின் படம். மந்திரி வந்து ரிப்பன் வெட்டினார். ஏறிப்போக நர்ஸ்களை மட்டும் வேலைக்கு எடுக்கவில்லை. வேனுக்கே பணம் தீர்ந்துவிட்டதாம்.

அதையும் சுற்றிக்காட்டும் பொறுப்பு தம்பட்டத்தின் தலையில் விழுந்தது. வண்டி எங்கெல்லாம் போகும் என்று விருந்தாளி அம்மாள் ஒருத்தி கேட்டாள். இயக்குநர் பக்கத்திலேயே நின்றார்.

"எங்கயும் போகாதும்மா. போறதுக்கு ஆளில்ல," என்றார் தம்பட்டம். "போட்டோவுக்குன்னு வாங்கினது."

அந்த வாரமே அவரைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றினார்கள். பிள்ளையோடு வீடு திரும்பும் தாய்மார்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, குழந்தை பாலுக்கும் எழாமல் தூங்கினால் சும்மா இருந்துவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்புவார். பலர் அவர் பேசி முடிப்பதற்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் இறக்கி, எத்தனை மணிக்கொரு தடவை எழுப்ப வேண்டும் என்று கேட்டாள். பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அவர் குனிந்து நின்று நிதானமாகச் சொன்னார்.