இடது பக்க ஆடியோ கோளாறு

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். முப்பத்து மூன்று வருடம். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாள் வர வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் பெரிதாகத் தெரியாது. அது தெரிந்தவர்களும் ஆபீசில் அதிகம் இல்லை என்பதால் காலம் ஓடிவிட்டது.

இப்போது இராமநாதபுரத்து வீட்டில் நானும் மகனும் மட்டும். அவன் பெங்களூரில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தின் ஊழியன். கொரோனா சமயத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவனுடைய குழுவைத் திரும்பக் கூப்பிட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். காலை பத்து மணிக்கு மாடி அறையில் ஹெட்செட்டை மாட்டினால் இரவு எட்டு மணிக்குத்தான் கழற்றுவான்.

கீழேயிருந்து கூப்பிட்டால் பதில் வராது. மாடியேறிக் கதவருகில் நின்று கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான். மீட்டிங்கில் இருக்கிறான், அல்லது இருப்பதுபோல் காட்டிக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். இரண்டும் எனக்குப் பழக்கமானவைதான். அதனால் நானும் செல்போனில் செய்தி அனுப்பத் தொடங்கினேன். “சாப்பாடு தயார்.” அரை மணி கழித்து, “நினைவூட்டு 1.” அதற்கும் கட்டைவிரல் படம் மட்டும் வந்தால், “நினைவூட்டு 2. பார்வையில் கண்ட சாப்பாடு ஆறிவிட்டது.” மறுபடியும் கட்டைவிரல். ஒரே வீட்டுக்குள் இரண்டு அலுவலகங்கள் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்தோம். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மூட்டு வலிக்கும் நல்லது.

புதன்கிழமைதோறும் மாலையில் அவர்களுக்கு நலவாழ்வு வகுப்பு உண்டு. கேமராவை அணைக்கக் கூடாது. வருகைப் பதிவும் உண்டு. திரையில் ஒரு பெண் மூச்சை இழுத்து விடச் சொல்வாள். ஒருநாள் காப்பி கொண்டுபோனபோது பார்த்தேன். மகன் அவள் முகத்தைப் பார்க்காமல், திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைப் படித்து, அதன்படி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். இப்படியும் ஒரு பயிற்சி போலிருக்கிறது என்று டம்ளரை வைத்துவிட்டு வந்தேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்திய ஒரு நாளில், பதினோரு மணிக்கே இன்வெர்ட்டரும் ஓய்ந்துவிட்டது. செல்போனில் சிக்னல் தேடிக்கொண்டு மகன் வாசல் கேட்டருகே போய் நின்றான். அந்த நேரத்தில் தொண்டியிலிருந்து வழக்கமாக வரும் மீன்கார அம்மா கூடையை இறக்கினாள். நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அம்மாவக் கூப்பிடு. நகரை மீனு வந்துருக்கு.”

அவன் திரும்பவில்லை.

“ஏலே தம்பி!”

அதற்கும் திரும்பவில்லை. அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள், “ஏம்மா, ஒம் மகன் செவிடா, இல்ல திமிரா?”

“திமிருதான்” என்றேன். “பெங்களூருத் திமிரு.”

“இரும்மா, பாத்துருவோம்” என்று சொல்லிவிட்டு, கூடையை மூடியிருந்த அலுமினியத் தட்டை எடுத்து அவன் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில் தராசுக் கல்லால் தட்டினாள். எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. அவன் அவள் பக்கம் திரும்பாமல், வலது பக்கம் தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி செல்போனில் குனிந்தான். அவள் சுற்றிப் போய் வலது பக்கம் தட்டினாள். துள்ளித் திரும்பினான்.

அவள் சிரிக்கவில்லை. தட்டைக் கூடை மேல் வைத்தாள். “திமிரு இல்லம்மா” என்றாள்.

அன்று நகரை வாங்கினேன், குழம்பும் வைத்தேன். என்ன நினைத்தேன் என்று இப்போது யோசித்தால் எதுவும் வரவில்லை. புளி கரைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து மதுரையில் ஒரு காது மருத்துவரிடம் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பரிசோதித்துவிட்டு, “எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டார். மகன் செல்போனை எடுத்துத் தேடி, தேதியைச் சொன்னான். ஏழு மாதம் ஆகியிருந்தது.

“இவ்வளவு கரெக்டா எப்படிச் சொல்றீங்க?”

“டிக்கெட் போட்டிருந்தேன் சார்.”

அவன் வேலையில் டிக்கெட் என்றால் புகார் மனு. அன்று காலை ஹெட்செட்டின் இடது பக்கம் கேட்கவில்லை. ‘இடது பக்க ஆடியோ கோளாறு’ என்று எழுதிப் போட்டிருக்கிறான். நிறுவனம் புது ஹெட்செட்டைக் கூரியரில் அனுப்பியது. அதிலும் கேட்கவில்லை. இன்னொன்று அனுப்பியது. பிறகு புகாரை முடித்துவைத்து, சேவை எப்படி என்று கேட்டது. இவன் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறான்.

“ரெண்டு தடவ மாத்திக் குடுத்தாங்க சார். அதுக்கு மேல எப்படிக் கேக்குறது?”

மருத்துவர் பரிசோதனைத் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். “முதல் வாரத்துல வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். இனிமே இடது காது திரும்பாது. ஹெட்செட்தான் காரணமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா வலது காதும் கொஞ்சம் இறங்கியிருக்கு. அதுல இனி எதையும் மாட்டாதீங்க. ஸ்பீக்கர் வச்சுப் பேசுங்க. அதையாவது காப்பாத்திக்கலாம்.”

பஸ்ஸில் அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். “ஏலே, எங்கிட்ட ஏன்டா சொல்லல?”

“நீயும் மெசேஜ்தானம்மா அனுப்புற. அதுல எல்லாம் தெளிவா இருந்துச்சு.”

குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தகவலாகத்தான் சொன்னான். நானும் அப்படியே பெற்றுக்கொண்டேன். மகனுக்கு ஒரு காது கேட்காமல் போனது எனக்கு ஏழு மாதம் தெரியவில்லை. மீன்கார அம்மா கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கு விளக்கம் எழுதச் சொன்னால் என்னிடம் விளக்கம் இல்லை.

பரமக்குடி தாண்டியதும் அடுத்த சிக்கலைச் சொன்னான். ஸ்பீக்கரில் பேச அவன் நிறுவனத்தில் அனுமதி கிடையாது. வீட்டிலிருப்பவர்கள் காதில் ரகசியம் விழுந்துவிடுமாம். ஹெட்செட் கட்டாயம்.

“விதி எங்க இருக்கு?”

“ஏதோ பாலிசி. நாப்பது பக்கம் இருக்கும்.”

“படிச்சியா?”

“படித்துப் புரிந்துகொண்டேன்னு வருஷா வருஷம் டிக் பண்றேன்.”

மறுநாள் அவன் மடிக்கணினியில் அந்த நாற்பது பக்கத்தையும் நான் படித்தேன். எழுதியவர் கெட்டிக்காரர். ஒவ்வொரு கதவையும் சாத்தியிருந்தார். ஆனால் எல்லா விதியும் எழுதி முடித்தபின் யாராவது ஒருவர் பயந்துபோய்ப் பின்னிணைப்பில் ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பார். இதிலும் இருந்தது: மருத்துவச் சான்றின் பேரில் விலக்கு உண்டு, வீட்டிலுள்ளோர் ரகசியக் காப்பு உறுதிமொழி அளிக்க வேண்டும்.

மகனுக்கு மகிழ்ச்சி ஏதும் இல்லை. “இதப் போட்டா அடுத்து ஆளக் குறைக்கிற லிஸ்ட்டுல எம் பேருதான் முதல்ல வரும்மா. பேசாம ஹெட்செட்டையே கொஞ்சம் சத்தம் கம்மியா வச்சுக்கிறேன்.”

“லிஸ்ட்டுல பேரு வரலாம், வராமயும் போகலாம். காதப் பத்தி டாக்டர் சொன்னதுல அப்படி ரெண்டு இல்லடா.”

“உனக்கென்னம்மா, பென்ஷன் வருது.”

“வருது. அதுல ரெண்டு பேரு சாப்பிடலாம். வலது காது ரெண்டு பேருக்கு ஒண்ணு போதுமா?”

அதற்குப் பிறகும் நான்கு நாள் ஹெட்செட்டோடுதான் உட்கார்ந்தான். நானும் வற்புறுத்தவில்லை. தினமும் மாடியேறிப் போய், அவனுக்கு வலது பக்கம் நின்று, “மனு தயாரா?” என்று கேட்டுவிட்டு இறங்குவேன். ஐந்தாவது நாள் மூட்டில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவனே இறங்கி வந்து, உறுதிமொழிப் படிவத்தை என் முன்னால் வைத்தான். காதில் விழுவதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்திட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கு இடம் விடவில்லை. அது ஒரு குறை. அனுமதி மறுநாளே வந்தது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. லிஸ்ட் பற்றி இதுவரை எதுவும் தெரியாது. ஒரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் வலது காது இருந்தபடியே இருக்கிறது.

ஆக, இப்போது காலை பத்து மணியிலிருந்து அவன் அலுவலகம் என் அடுப்படி வரை கேட்கிறது. எட்டுப் பேர் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்பது உறுதிமொழிக்குள் வருகிறது. மகனின் குரல் அதற்குள் வருமா என்று தெரியவில்லை. அதை மட்டும் சொல்கிறேன். கலகலப்பான குரல். யாரோ சொன்ன நகைச்சுவைக்கு முதல் ஆளாகச் சிரிக்கிறான், முடியாத வேலைக்கும் “கண்டிப்பா” என்கிறான். முதல் நாள் வேறு யாரோ என்று நினைத்தேன். வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அன்று இரவு எட்டு மணிக்குக் கீழே வந்து, பேசாமல் தட்டின் முன் உட்கார்ந்தான்.

“மேல அவ்வளவு சிரிச்சியே?” என்றேன்.

“அதுவும் வேலதாம்மா.”

எனக்குப் புரிந்தது. கலெக்டரின் தொலைபேசிக்கென்று நானும் ஒரு குரல் வைத்திருந்தேன், அதை வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. இன்னொரு தோசை வைத்தேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனான்.