புத்தகத்தில் இல்லாத பனி

தோட்டத்துத் துரையின் பங்களா மேட்டில் இருந்தது. அதன் வராந்தாத் தூணில் ஒரு வெப்பமானி தொங்கியது. தினமும் விடிந்ததும் ஆபீஸ் கிளாக்கர் அதைப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை டிகிரி, எவ்வளவு மழை, பனி விழுந்ததா இல்லையா என்று பெரிய புத்தகமொன்றில் எழுதிவைப்பார். இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்தில் வானிலை என்பது அந்தத் தூணுக்கு என்ன தெரிந்ததோ அதுதான். நாங்கள் கொழுந்து பறித்த பள்ளத்து மலை என்ற தேயிலைக் காட்டைப் பற்றித் தூணுக்கு ஒன்றும் தெரியாது.

மாசி மாதக் காலையில் குளிரெல்லாம் இறங்கிவந்து பள்ளத்தில் தேங்கிவிடும். மேட்டில் வெறும் ஈரம்தான் இருக்கும். கீழே புல்லும் தேயிலையும் பனி உறைந்து உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும். ஆறரை மணிக்கு வெறுங்காலோடு எங்களை அதில் இறக்கிவிடுவார்கள். நாங்கள் கேட்டது பெரிய வரமொன்றுமில்லை. காலையில் மேட்டு மலையில் பறிக்கிறோம், பள்ளத்தில் வெயில் விழுந்த பிறகு அங்கே போகிறோம், அவ்வளவுதான். தோட்டத்துக்கு ஒரு இலைகூட நஷ்டமில்லை.

காலைப் பெரட்டில் ஆட்களை மலைக்கு மலை பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளையிடம் இதைச் சொன்னால், அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"புத்தகத்துல பனி இல்ல. நீங்க மட்டும் எங்க பாத்தீங்க? கீழ போங்க."

ஒரு நாள், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் என் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா பள்ளத்தில் விழுந்தார். கால் மரத்துப்போய், மிதித்தது கல்லா மண்ணா என்றே தெரியவில்லை என்றார். கூடையோடு உருண்டு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. "பாத்து நடக்கணும்" என்றார் கணக்கப்பிள்ளை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வயது எனக்கு. வாய் நீளம் என்று அப்போதே பெயர் வாங்கியிருந்தேன்.

அன்று சாயங்காலமே ஒரு தகரத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பள்ளத்துப் புல்லில் வைத்தேன். விடியுமுன் போய்ப் பார்த்தேன். கண்ணாடிபோல ஒரு ஏடு படிந்திருந்தது. பெரட்டுக்குக் கொண்டுவருவதற்குள் அது நொறுங்கிப்போக, "தண்ணியக் காட்டவா வந்த?" என்று கணக்கப்பிள்ளை சிரித்தார். சிரிக்கட்டும் என்று தினமும் வைத்தேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவள் நான். பழைய கொப்பி ஒன்றில் தேதி போட்டு, 'உறைந்தது', 'உறையவில்லை' என்று எழுதிவந்தேன். என்னிடமும் இப்போது ஒரு புத்தகம் இருந்தது.

ஒரு வாரம் கழித்து விரல் கனத்துக்கு உறைந்திருந்த தட்டை இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேரே ஆபீஸுக்குப் போனேன். கிளாக்கர் வாசலுக்கு வந்து தொட்டுப் பார்த்தார். விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நெசந்தாம்மா. ஆனா பங்களாவுல நாப்பது டிகிரி, முப்பத்திரண்டுக்கு எறங்கினாத்தான் தண்ணி உறையும். நான் வேற எழுதினா என் வேலை போயிரும்."

"அப்ப அந்தக் கண்ணாடிக் குழாய ஒரு ராத்திரி கீழ கொண்டுபோய் மாட்டுங்க. அதுவே சொல்லட்டும்."

உள்ளேயிருந்த துரைக்கு இது கேட்டுவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "பங்களா சாமான் பங்களாவில் இருக்கும். நீ மலைக்குப் போ."

போனேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பறித்து முடித்துத் திரும்பியதும் லயம் லயமாகப் போனேன். அதிகம் பேசவில்லை. "ஆளுக்கொரு தட்டு வைங்க" என்றேன்.

மறுநாள் விடியும்போது பள்ளத்துப் பெண்கள் யாரும் பெரட்டுக்குப் போகவில்லை. தட்டுகளோடு ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றோம். ஒவ்வொரு தட்டிலும் பாளமாக ஐஸ். ஒடிந்த கையைத் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்த அக்காவும் இடது கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார். கணக்கப்பிள்ளை வந்து சத்தம் போட்டார். கிளாக்கர் புத்தகத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் துரையே படியிறங்கி வந்தார்.

"என்ன இது? வேலைக்குப் போ."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். அதுவரை துரை முன்னால் அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"போறோங்க தொரை. இது உருகட்டும், உடனே போறோம். புத்தகத்துலதான் பனியே இல்லையே, உருக எம்புட்டு நேரமாகப் போகுது?"

துரை தட்டுகளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. ஐஸ் மெல்ல மெல்லத்தான் உருகியது. கடைசித் தட்டும் தண்ணீரானபோது பள்ளத்து மலை முழுக்க வெயில் விழுந்திருந்தது. சொன்ன சொல் மாறாமல் கூடைகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினோம்.